நகல் என்று நினைத்தது

செப்டம்பர் 22, திங்கள்

ஆதிரை இன்றைக்கும் உட்காரவில்லை. சுற்றிலும் தலையணை வைத்துவிட்டுக் கையை எடுத்தால் மெதுவாக இடப்பக்கம் சாய்கிறாள். சாய்ந்தபடியே சிரிக்கிறாள். எட்டு மாதம் முடிந்துவிட்டது. எதிர்வீட்டுக் குழந்தை இவளைவிட இளையது, உட்கார்ந்துகொண்டு கிண்ணத்தைத் தட்டுகிறது. அந்தச் சத்தம் எங்கள் சமையலறை வரை கேட்கிறது.

தலைக்குள் எதுவும் நிற்பதில்லை, அதனால்தான் இதை எழுதத் தொடங்குகிறேன். நேற்று குக்கரில் அரிசி போடாமல் விசில் விட்டேன்.

சாப்பிடும்போது நவநீதனின் அம்மா பேச்சை எடுத்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். நான் ஆபீஸ் போனதும் நாள் முழுக்க ஆதிரை அவரிடம்தான். "நான் எத்தனை தூக்கினாலும் அது அம்மா சூடு ஆகுமா? தாய் மேல கெடக்கோணும் கண்ணு, அப்பத்தான் முதுகு நிக்கும்."

நவநீதன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தீபாவளி வரைக்கும் பாப்போம் இந்து. அதுக்குள்ள உக்காந்துட்டான்னா ஒண்ணுமில்லை. இல்லைன்னா வேலையை விட்டுரு. நிரந்தரமா இல்லை, ஒரு ரெண்டு வருஷம்."

சத்தம் போடாமல் சொல்கிற ஆள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். இரண்டு வருஷம் கழித்து இந்த வேலையில் என்னை யார் திரும்பக் கூப்பிடுவார்கள்? 'சரி' என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா என்று இப்போது நினைவில்லை.

செப்டம்பர் 24, புதன்

லீவு முடிந்து வந்தவளுக்குப் புது வேலை கொடுக்க யாருக்கும் தைரியமில்லை. ஆகவே துப்புரவு வேலை. எங்கள் டீம் லீடர் பெனடிக்ட் அப்படிச் சொல்லவில்லை, 'ரீஃபாக்டரிங்' என்றார். பக்கத்து சீட் தாட்சாயணிதான் மொழிபெயர்த்தாள். "ஒட்டடை அடிக்கச் சொல்லிட்டாரு. தலைக்குத் துண்டு கட்டிக்க."

நாங்கள் செய்வது குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள். தடுப்பூசி எப்போது, மருந்து எவ்வளவு, எடை சரியா, வளர்ச்சி சரியா, எல்லாம் அதில் இருக்கிறது. பல வருஷமாக ஆளாளுக்கு எழுதிய கட்டளை வரிகள், அதாவது கோட். அவசரத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே நகலெடுத்து ஒட்டி, நாலு வரி மாற்றி, வீட்டுக்குப் போயிருக்கிறார். இப்போது ஒன்றைத் திருத்தினால் அதே தப்பு வேறு ஏழு இடத்தில் உயிரோடு இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டூல் வாங்கியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இருக்கிற துண்டுகளைத் தேடிப் பிடித்து மஞ்சள் பூசிக் காட்டும். இன்னொன்றும் செய்யும். 'இப்படி இருந்தால் இந்தப் பக்கம் போ, இல்லாவிட்டால் அந்தப் பக்கம்' என்று கோட் பிரிகிற ஒவ்வொரு இடத்தையும் எண்ணி, சிக்கல் எவ்வளவு என்று ஒரு மதிப்பெண் போடும். மருந்து அளவுப் பகுதிக்கு வந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு பெனடிக்ட், "இது ஃபங்ஷன் இல்லைங்க, உக்கடம் சந்தை" என்றார். ஃபங்ஷன் என்றால் ஒரே ஒரு வேலையைச் செய்கிற கோட் துண்டு.

தீபாவளிக்கு முன்னால் மஞ்சளைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எல்லோரும் தீபாவளியையே பிடித்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

சளி. அத்தை, நான், ஆதிரை, மூன்று பேருக்கும்.

செப்டம்பர் 27, சனி

ஆதிரையை நானும் அத்தையும் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். சளி ஒன்றுமில்லை, இறங்கிவிடும் என்றார். பிறகு அவளைக் கட்டிலில் உட்காரவைத்துப் பார்த்தார். சாய்ந்தாள். மறுபடி வைத்தார். மறுபடி சாய்ந்தாள்.

"கொஞ்சம் மெதுவாத்தான் வர்றா. ஒன்பது மாச ஊசிக்கு வருவீங்கல்ல, அப்பவும் இப்படியே இருந்தா நரம்பு டாக்டர் ஒருத்தருக்கு எழுதித் தர்றேன்." கோப்பைப் புரட்டினார். "நிறைமாசந்தானே?"

"ஆமாங்க" என்றார் அத்தை.

நான் ஆதிரையின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலுக்குள் இரண்டு காலையும் விட்டுவிட்டேன்.

'நரம்பு டாக்டர்' என்ற சொல் வீடு வரைக்கும் ஆட்டோவில் கூடவே வந்தது. நவநீதனிடம் நான் சொல்லவில்லை, அத்தை சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 29, திங்கள்

மஞ்சளிலேயே பெரிய மஞ்சளைக் கண்டுபிடித்தேன். வயது.

ஒரு குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கணக்குப் போடும் கோட் எங்கள் மென்பொருளில் எங்கெங்கோ இருக்கிறது. ஊசிப் பக்கத்தில் ஒன்று, மருந்துப் பக்கத்தில் ஒன்று, பில்லில் ஒன்று, எடை வரைபடத்தில் ஒன்று. எல்லாம் ஒரே கணக்கு. பிறந்த தேதியிலிருந்து இன்றுவரை. அதற்கு எத்தனை பேர் தனித்தனியாக உழைத்திருக்கிறார்கள்! ஒருவர் லீப் வருஷத்தை மறந்திருக்கிறார். ஒருவர் மாதத்துக்கெல்லாம் முப்பது நாள் என்று முடிவு கட்டியிருக்கிறார்.

"பிப்ரவரில பொறந்ததுக்கெல்லாம் இவரு ரெண்டு நாள் இனாமாக் குடுத்திருக்காரு" என்றாள் தாட்சாயணி.

அவளே மதியம் கேட்டாள். "ஏய், உன் வளைகாப்பு போட்டோவே நீ காட்டல. என் தங்கச்சிக்கு வர்ற மாசம். எப்படி அலங்காரம் பண்ணாங்கன்னு பாக்கணும்."

"போட்டோகிராபர் கெடுத்துட்டான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நடக்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம். மார்கழியில் செய்யக்கூடாது, தை பிறக்கட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். தை பிறப்பதற்கு முந்தின நாள், போகியன்று, ஆதிரை பிறந்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். இதைச் சொன்னால் அவள் விரல்விட்டு எண்ணியிருப்பாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆபீசில் ஆயுத பூஜை. லேப்டாப்புக்கெல்லாம் சந்தனம் குங்குமம். பொரி கடலை கீபோர்டுக்குள் விழுந்து இரண்டு எழுத்து அடிக்க மறுக்கிறது. அந்த டூல் ஓடுகிற சர்வருக்கு பெனடிக்ட் தன் கையால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "இருக்கட்டுங்க, யாருக்குக் கேக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

வீட்டுக்கு வந்து ஆதிரையைச் சாமி அறை முன்னால் உட்காரவைத்தேன். சாய்ந்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

வயதுக் கணக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரே ஃபங்ஷனாக்கிவிட்டேன். எல்லாப் பக்கமும் இனி அதைத்தான் கூப்பிடும். மஞ்சள் வெகுவாகக் குறைந்தது. எதையோ உருப்படியாகச் செய்த மாதிரி இருந்தது. வெகுநாள் ஆயிற்று அப்படித் தோன்றி.

மிச்சம் ஒன்றே ஒன்று. வளர்ச்சிப் பக்கத்தில் 'ஏஜ் இரண்டு' என்று ஒரு ஃபங்ஷன். எந்த மாதத்தில் தலை நிற்கவேண்டும், எப்போது உட்காரவேண்டும் என்று பார்த்து, தாமதமானால் சிவப்புக் காட்டும் பக்கம் அது. வரிக்கு வரி அதே வயதுக் கணக்குதான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஒற்றுமை என்கிறது டூல். மூன்று முறை படித்தும் வித்தியாசம் என் கண்ணில் படவில்லை. அரைகுறைத் தூக்கத்தில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது. தாட்சாயணியைக் கூப்பிட்டு, ஒரு வரி அவள் வாசிக்க ஒரு வரி நான் வாசிக்க, அப்புறம்தான் பிடிபட்டது. ஒரே ஒரு வித்தியாசம். இது பிறந்த தேதியிலிருந்து எண்ணவில்லை. 'டேட் இரண்டு' என்ற வேறொரு தேதியிலிருந்து எண்ணுகிறது. அது காலியாக இருந்தால் மட்டும் பிறந்த தேதிக்குப் போகிறது.

டேட் இரண்டு என்றால் என்ன? எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம். விளக்கம் ஒரு வார்த்தை இல்லை. "பேரு வைக்கிறதுல எவ்ளோ சிக்கனம் பாரு" என்றாள் தாட்சாயணி. "இவன் புள்ளைங்களுக்கும் புள்ளை ஒண்ணு, புள்ளை ரெண்டுன்னுதான் வெச்சிருப்பான்."

அக்டோபர் 7, செவ்வாய்

கோட் சரியா என்று சோதிக்க நாங்கள் வைத்திருக்கும் டெஸ்ட்டில் இருக்கிற கற்பனைக் குழந்தைகள் ஒருவருக்கும் டேட் இரண்டு இல்லை. எல்லாம் காலி. பெனடிக்டிடம் கேட்டேன்.

"யாருமே யூஸ் பண்ணலைன்னா தூக்கிருங்க இந்துஜா. இதுக்குத்தானே இந்த வேலையே."

"ஒருவேளை ஏதாச்சும் காரணம்..."

"காரணம் இருந்தா எழுதி வெச்சிருப்பாங்க."

அவர் சொல்வது நியாயம்தான். இருந்தாலும் ஒரு ஆஸ்பத்திரியின் பழைய மாதிரிப் பதிவுகளைத் திறந்து தேடினேன். ஒரு குழந்தைக்கு மட்டும் டேட் இரண்டு இருந்தது. பிறந்த தேதிக்கு ஏழு வாரம் கழித்து ஒரு தேதி. பிறந்து ஏழு வாரம் கழித்து என்ன தேதி வரும்? தப்பாகப் பதிந்தது என்று தோன்றியது. அப்படித்தான் இருக்கவேண்டும். மூடிவிட்டேன்.

ஏஜ் இரண்டை அழித்தேன். வளர்ச்சிப் பக்கத்தையும் பொது ஃபங்ஷனோடு சேர்த்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை, தப்பு ஒன்றும் இல்லை.

 

அக்டோபர் 9, வியாழன்

அப்டேட் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது. டீமுக்கு முன்னால் பெனடிக்ட் என் பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். தாட்சாயணி விசிலடித்தாள். பாத்ரூமில் போய் அழுதேன். சந்தோஷமா வேறு ஏதாவதா என்று எனக்கே விளங்கவில்லை. பால் கட்டியிருந்தது, அது காரணமாக இருக்கலாம்.

நவநீதனிடம் கைதட்டியதைச் சொன்னேன். "நல்ல விஷயம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தீபாவளிக்குப் பெரியம்மா வர்றாங்களாம்" என்றார், அத்தையின் அக்காவைத்தான் சொல்கிறார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா, நான்தான் முடிச்சுப் போடுகிறேனா?

அக்டோபர் 13, திங்கள்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் பெனடிக்ட் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். பொள்ளாச்சியில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் மரகதவல்லி. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க? என் வார்டுல இருந்து போன பொடிசுங்க எல்லாம் ஒரே வாரத்துல மக்காயிட்டாங்களா? வளர்ச்சிப் பக்கத்தைத் திறந்தா ரத்தமா இருக்கு. எல்லாம் சிவப்பு!"

"மேடம், ஒரு அப்டேட்..."

"என் டூட்டி டாக்டர் புதுசு, அவன் கம்ப்யூட்டரை நம்புறவன். ஒரு தாய்கிட்ட உங்க குழந்தை பின்தங்கியிருக்குன்னு சொல்லிட்டான். அந்தப் பொண்ணு என் வராந்தாவுல உக்காந்து அழுவுது. கூட வந்த மாமனாரு, வீட்டுக்கு வா பேசிக்கலாம்னு சொல்லிட்டு நிக்கிறாரு. யாரு இதை மாத்துனது?"

பெனடிக்ட் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நாந்தான் மேடம். ஒரே கணக்கு ரெண்டு இடத்துல இருந்துது. நகல்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"நகலா? என்னம்மா நீ, குறைமாசக் குழந்தைக்கு எப்பவும் ரெண்டு கணக்கு. ஊசி போடறதுக்குப் பொறந்த நாள்லருந்து எண்ணணும். ஆனா தலை நிக்கிறதுக்கு, உக்கார்றதுக்கெல்லாம்..."

"நிறைமாசம் ஆயிருந்தா எந்தத் தேதியில பொறந்திருக்குமோ, அந்தத் தேதியிலருந்து" என்றேன்.

"தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா எடுத்தே?"

தாட்சாயணி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பெனடிக்டும் பார்த்தார். என் கண்முன் அந்த ஏழு வாரம் நின்றது. போகியிலிருந்து, ஆதிரை பிறந்திருக்கவேண்டிய மார்ச் மூன்று வரைக்கும் ஏழு வாரம்.

எனக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஆதிரை வெளியே வந்து, டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்னையும் நவநீதனையும் அத்தையையும் நிற்கவைத்துச் சொன்னார். 'வளர்ச்சியை மார்ச்சிலிருந்து எண்ணுங்க. மத்த குழந்தைங்களோட ஒப்பிடாதீங்க.' மூவரும் தலையாட்டினோம். ஆனால் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்த கையோடு அத்தை சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். "டாக்டரம்மா தேதியத் தப்பாக் கணிச்சுட்டாங்க. நிறைமாசப் புள்ளைதான். மஞ்சக் காமாலைன்னு பெட்டியில வெச்சிருந்தாங்க." எட்டாம் மாதத்தில் வந்த குழந்தை என்று ஒருவர் வாயிலும் வரக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அப்படிப் பிறந்தது தங்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நவநீதன் மறுக்கவில்லை. நானும்தான். சொல்லச் சொல்ல அதுவே உண்மையாகி, எங்கள் மூவருக்குள்ளும்கூட மார்ச் மூன்று இல்லாமல் போயிற்று.

அந்தத் தேதியை எங்கள் வீட்டிலிருந்து யார் அழித்தது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

பழையதை அப்படியே திரும்ப ஒட்டிவிடலாம் என்றார் பெனடிக்ட். "மஞ்சள் கூடும். கூடட்டும். எல்லா ஆஸ்பத்திரிக்கும் இன்னைக்குள்ள போயாகணும்."

நேற்றே பொள்ளாச்சிக்கு மட்டும் பழைய பதிப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். அதனால் எனக்கு ஒரு பகல் கிடைத்தது.

விஷயம் ரொம்பச் சின்னது, இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போயிற்று என்றுதான் குழப்பமாக இருக்கிறது. எண்ணுகிற வேலை ஒன்றேதான். நாளை எண்ணுவதற்கு இரண்டு ஃபங்ஷன் தேவையில்லை. ஆனால் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது இரண்டு. அந்த இரண்டையும் ஒன்றாக்க எனக்கு உரிமை இல்லை. ஆகவே எண்ணுவதற்கு ஒரே ஃபங்ஷன் வைத்தேன். கூப்பிடுகிறவர் தொடக்கத் தேதியைச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் எண்ண மறுக்கும். டேட் இரண்டுக்குப் பெயர் வைத்தேன். 'நிறைமாதத் தேதி.' எதற்கு என்று மேலே நாலு வரி விளக்கம் எழுதினேன். டெஸ்ட்டில் இருக்கிற கற்பனைக் குழந்தைகளில் சிலரை ஏழு வாரம் முன்னால் பிறக்கவைத்தேன்.

மஞ்சள் திரும்ப வரவில்லை. சிக்கல் மதிப்பெண்ணும் ஏறவில்லை. பெனடிக்ட் திரையை இரண்டு முறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். பிறகு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "காரணம் இருந்தா எழுதி வெச்சிருப்பாங்கன்னு நான் சொன்னேன்ல? அதை மறந்துருங்க" என்றார்.

தாட்சாயணி டிபன் பாக்ஸைத் திறந்து அவளுடைய உருளைக்கிழங்கு முழுவதையும் என் தட்டில் போட்டாள்.

வீட்டில் இன்னும் ஒன்றும் பேசவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

அரை நாள் லீவு. ஒன்பது மாத ஊசி.

டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும் என்று ஆட்டோவிலேயே வாக்கியம் தயார் செய்தேன். உள்ளே போனதும் வாக்கியம் மறந்துவிட்டது. "சார், இவ முப்பத்து மூணாவது வாரத்துல பொறந்தா. மார்ச் மூணு தேதி குடுத்திருந்தாங்க" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அத்தையின் கை என் முழங்கையைப் பிடித்தது. கிள்ளுவார் என்று நினைத்தேன். சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இதை இப்பவா சொல்றீங்க? நான் நரம்பு டாக்டருக்கு எழுத இருந்தேன்." ஆதிரையை மறுபடி கட்டிலில் வைத்தார். அவள் இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, தவளை மாதிரி, கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு சாய்ந்தாள். அதே இடப்பக்கம். "ஏழரை மாசக் குழந்தை இதைத்தான் செய்யும். இப்போதைக்குப் பயப்பட ஒண்ணுமில்லை, மாசாமாசம் பாத்துட்டே இருப்போம். ஊசி மட்டும் பொறந்த தேதிக்கு. தொடையைப் பிடிங்க."

ஆதிரை அலறினாள். நானும் கூடவே அழுததில் நர்ஸ் சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும்தான் பேசினார்.

"நான் ஒருக்கா சொல்லிப் பாத்துட்டேன் அம்மிணி. எட்டுல வந்துதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"யார்கிட்ட அத்தை? எப்போ?"

அத்தை ஆதிரையின் தொடையில் ஊசி போட்ட இடத்தை ஊதிக்கொண்டே வந்தார். எதைச் சொல்கிறார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஆதிரையைப் பற்றி அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லையே. நவநீதன் ஒரே பிள்ளை வேறு.

அக்டோபர் 17, வெள்ளி

நவநீதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொள்ளாச்சி, டாக்டர், ஏழரை மாதம். அவர் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிறவர், எதையும் அளவுகோலோடு ஒட்டிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். "அப்ப லேட்டே இல்லையா?"

"இல்லை."

"சரி, தீபாவளி வரட்டும். பாப்போம்."

எதைப் பார்ப்பது? அத்தை சொன்னது என்ன என்று மட்டும் கேட்டேன். "அம்மா எதாச்சும் சொல்லிட்டே இருப்பாங்க" என்றார்.

அக்டோபர் 18, சனி

முறுக்கு பிழிந்தோம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அத்தையின் அக்கா வந்திருந்தார். நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். காலில் விழுந்து எழுவதற்குள் ஆதிரையை வாங்கிப் பாயில் உட்காரவைத்துவிட்டார். ஆதிரை கையை ஊன்றினாள். புதுப் பட்டுப்பாவாடை வழுக்கியது. சாய்ந்தாள்.

"ஏஞ்சாமி, இன்னும் உக்கார மாட்டீங்களா? எத்தனை மாசமாச்சு?"

நவநீதன் என்னைப் பார்த்தார். நான் பலகாரத் தட்டைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வந்த தைரியம் பட்டுச்சேலையில் வரவில்லை.

"ஏழரை" என்றார் அத்தை, சமையலறை வாசலில் இருந்து.

"ஏழரையா? போகிக்குப் பொறந்தவதானே?" பெரியத்தை விரலை மடக்கத் தொடங்கினார். "தை, மாசி, பங்குனி..."

"எண்ணாதக்கா." அத்தை கரண்டியோடு வெளியே வந்தார். "எட்டுலதான் வந்தா இவளும். நான்தான் மறைச்சேன். மூணு வாரம் பெட்டிக்குள்ள கெடந்தா. இப்ப உசுரோட சிரிச்சிட்டுக் கெடக்கறா, பாரு."

'இவளும்' என்றார். நான் சரியாகத்தான் கேட்டேன்.

பெரியத்தையின் விரல்கள் பங்குனியோடு நின்றுவிட்டன. எழுந்து போய் அத்தையின் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேஜையில் வைத்தார். அந்தச் சமையலறை வாசலில், கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நின்றார்கள். வெளியே யாரோ சரவெடி கொளுத்தினார்கள், ஆதிரை வீறிட்டாள், நான் அவளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

நவநீதன் பின்னாலேயே வந்தார். அவர் முகம் எனக்குப் புரியவில்லை. "எனக்குத் தெரியாது இந்து" என்றார். "சத்தியமாத் தெரியாது. எனக்கு முன்னாடி எட்டுல ஒண்ணு பொறந்து தங்காமப் போச்சுன்னு யாருமே சொன்னதில்லை."

அக்டோபர் 22, புதன்

தீபாவளி முடிந்தது. ஆதிரை உட்காரவில்லை.

காலையில் எழுந்ததும் குளித்தேன், ஆனால் ஆபீசுக்கு உடுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் துண்டோடு நின்றேன். நவநீதன் சொன்ன கெடு முடிந்த முதல் வேலைநாள். போகாதே என்று அவர் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தார்.

அத்தை அவர் முன்னால் காபியை வைத்தார். "என்னடா முழிக்கறே? அவளை எப்ப வேலையை விடச் சொன்னே நீ?"

"தீபாவளின்னு..."

"அது பொறந்த நாள்லருந்து எண்ணிச் சொன்னது. புள்ளை ஏழு வாரம் முன்னாடி வந்திருக்கா. உன்ற கெடுவையும் ஏழு வாரம் தள்ளி வை." தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "அப்பவும் உக்காரலைன்னா டாக்டர்கிட்ட நான் கூட்டீட்டுப் போறேன். அவ ஆபீஸ்ல உக்கார்றதுக்கும் இவ பாயில உக்கார்றதுக்கும் என்னடா சம்பந்தம்?"

நவநீதன் செய்தித்தாளை மடித்தார். விரித்தார். "நான் அதுக்குச் சொல்லலைம்மா" என்றார். எதற்குச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. எழுந்து போய் என் பையை எடுத்து வாசல் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

ஆதிரை என் சேலை முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். விடுவித்தேன். மறுபடி பிடித்தாள். அத்தை அவளை என் இடுப்பிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார்.

"நீ கெளம்பு அம்மிணி. பஸ்ஸு போயிரும்."